கப்பல் டிக்கெட்: எதற்கு ஏற்கெனவே காசு கட்டியாச்சு, எதற்கு மறுபடி கட்டணும்?

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் தொடங்கிய சொகுசுக் கப்பல் பயணங்களில் விளம்பர விலையை நம்பிக் கணக்குப் போட்டால் துண்டு விழும். அது ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்து, ஒருவருக்குச் சொல்லும் விலை. தனியாகப் போனால் கூடுதல். துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, சேவைக் கட்டணம் மூன்றும் பெரும்பாலும் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் தலைகாட்டும். இரண்டு கம்பெனிகளை ஒப்பிடுவதானால் அந்தப் பக்கம் வரை போய்ப் பாருங்கள்.

அறை, பஃபே சாப்பாடு, நீச்சல்குளம், பொதுவான மேடை நிகழ்ச்சிகள் டிக்கெட்டுக்குள் வந்துவிடும். மது, ஸ்பா, கரையில் ஊர் சுற்றல் எல்லாம் தனி. அது நியாயம்தான், குடிக்காதவர் குடிப்பவருக்கு ஏன் மொய் எழுத வேண்டும்? ஆனால் சேவைக் கட்டணத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது சுத்த ஏமாற்று வேலை. வேண்டாமென்று சொல்ல முடியாத ஒன்று எப்படி 'எக்ஸ்ட்ரா' ஆகும்?

அறை மேசையில் தண்ணீர் பாட்டில் இருந்தால், கழுத்தில் விலைச்சீட்டு தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் திறவுங்கள். பஃபே பக்கம் குடிநீர் இலவசம்; காலி பாட்டில் ஒன்று கையில் இருந்தால் போதும். கப்பல் நகர்ந்ததும் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் நெட்வொர்க்கில் அது தானாக ஒட்டிக்கொண்டால், ரோமிங் பில் தீட்டிவிடும்.

கப்பலுக்குள் எல்லாச் செலவும் அறைச் சாவியாகத் தரும் அட்டையின் கணக்கில்தான் ஏறும். பில்லை இறங்கும் காலையில் கேட்காதீர்கள், வரிசை நீளும். முந்தின இரவே வாங்கிச் சரிபாருங்கள்.