எலக்ட்ரோலெஸ் நிக்கல் முலாம்: ஒரே பட்டறை, இரண்டு தவணை, இரண்டு தரம்

கோயம்புத்தூரில் பம்பு உதிரிபாகங்கள் செய்துவரும் நான், உவர்நீர்க் கிணறுகளுக்குப் போகும் மைல்டு ஸ்டீல் ஸ்லீவ்களுக்கு (தண்டின்மேல் மாட்டும் உருளை உறைகளுக்கு) எலக்ட்ரோலெஸ், அதாவது மின்சாரமில்லா, நிக்கல் முலாம் பூசித் தருமாறு உள்ளூர்ப் பட்டறை ஒன்றிடம் இருமுறை வேலை கொடுத்தேன். முதல் தவணைக்கு ஐந்துக்கு நாலரை தரலாம். இரண்டாவதற்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. இத்தனைக்கும் இரண்டு முறையும் கேட்ட கனம் 25 மைக்ரான். வந்த கனமும் அதுவே.

மின்சாரம் பாய்ச்சிப் பூசும் வழக்கமான நிக்கல், விளிம்புகளில் தடித்தும் பள்ளங்களில் மெலிந்தும் படியும். இங்கே மின்சாரத்தின் வேலையைச் சோடியம் ஹைப்போபாஸ்பைட் செய்கிறது. 90 டிகிரியை ஒட்டிய சூட்டில், கரைசல் தொடும் இடமெல்லாம் நிக்கலும் அதனுடன் பாஸ்பரஸும் ஒரே சீராகப் படிகின்றன. முதல் தவணையில் ஒரு ஸ்லீவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது, கீவே எனும் காடியின் அடியிலும் வெளிப்புறத்திலும் கனம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அந்தக் கைத்திறனை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் துருவைத் தடுப்பது கனம் மட்டுமன்று. பாஸ்பரஸ் 10 சதவீதத்தைத் தாண்டும்போது முலாம் கண்ணாடியைப் போலப் படிகமற்றதாக அமைவதால், அரிப்பு நுழைவதற்கு ஏற்ற படிக எல்லைகளே அதில் இருப்பதில்லை. அடர் நைட்ரிக் அமிலத்தில் அரை நிமிடம் தோய்த்தால் இவ்வகை முலாம் நிறம் மாறாது. முதல் தவணைத் துண்டு மாறவில்லை, இரண்டாம் தவணைத் துண்டு கறுத்துவிட்டது. விசாரித்ததில், உயர்பாஸ்பரஸ் கரைசலில் முலாம் மெதுவாக ஏறும் என்பதால், அவசரத்தை முன்னிட்டு 6 முதல் 9 சதவீதம் பாஸ்பரஸ் தரும் பொதுத் தொட்டியில் இறக்கிவிட்டதாகச் சொன்னார்கள். அவசரம் அவர்களுடையது, என்னுடையதன்று.

அடுத்து, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் உப்பும் கலந்த நீரில் நனைத்த தாளை ஒட்டிப் பார்த்தேன். தாளில் நீலப் புள்ளிகள் விழுந்தன. ஒவ்வொரு புள்ளியும் இரும்புவரை இறங்கும் ஒரு நுண்துளை. துத்தநாகப் பூச்சு தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். நிக்கலோ இரும்பைவிட உயர்வகை உலோகம் என்பதால், துளை விழுந்த இடத்தில் இரும்பைப் பலிகொடுத்துத் தான் பளபளவென்று நிற்கும். துளை சிறிதாகவும் சுற்றியுள்ள நிக்கல் பரப்பு பெரிதாகவும் இருப்பதால், அரிப்பு பக்கவாட்டில் பரவாமல் ஆழமாகக் குடைந்துகொண்டு போகும். வேதிப்பொருளை ஊற்றி ஊற்றி நாள்பட ஓட்டும் தொட்டியில், ஹைப்போபாஸ்பைட் வினைபுரிந்து மாறும் ஆர்த்தோபாஸ்பைட் கழிவு சேர்ந்து முலாமின் தரத்தைக் கெடுக்கும் என்பது இத்தொழிலில் எல்லோரும் அறிந்ததே. அதே வேளையில், எங்கள் லேத்தில் கடைசல் முடிப்பு சொரசொரப்பாக இருந்ததும் சில துளைகளுக்குக் காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு குறை, கேட்காமல் செய்த உபகாரம். கடினம் கூடட்டும் என்று சில துண்டுகளை 400 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டிருந்தார்கள். தேய்மானத்துக்கு அது நல்லதே. ஆயினும் அச்சூட்டில் நிக்கல் பாஸ்பைடு படிகங்கள் பிரிந்து முலாம் சுருங்குவதால் நுண்விரிசல்கள் தோன்றி, துருத்தடுப்பு குறைகிறது. உவர்நீரில் நிற்க வேண்டிய பொருளுக்கு இது வேண்டாத வைத்தியம்.

அவர்கள் தந்த உப்புத்தெளிப்புச் சான்றிதழும், 35 டிகிரியில் 5 சதவீத உப்புநீரைத் தெளித்துச் செய்த சோதனைதான் என்றாலும், வழவழப்பான மாதிரித் தகடு ஒன்றுக்கு எடுக்கப்பட்டதே தவிர என் ஸ்லீவுக்கு அன்று.

பழுதான துண்டுகளைக் கட்டணமின்றி மீண்டும் பூசித் தர மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டதால், கடையை மாற்றவில்லை. மூன்றாம் தவணைக்கான ஆர்டரில் பாஸ்பரஸ் சதவீதம், நீலப்புள்ளிச் சோதனை, சுடக் கூடாது என்ற நிபந்தனை ஆகிய மூன்றையும் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். லேத்தில் முடிப்பு வேலைக்கும் ஆளை மாற்றியாயிற்று.