ரூ.46,800 போச்சு! மலையில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் ஃபில்டர் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடும் முன் படியுங்கள்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கம் ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். 46,800 ரூபாய் கொடுத்தோம். குளம் முன்பு இருந்ததைவிட மோசமாகிவிட்டது. வேலை செய்த ஆள் போனை எடுப்பதில்லை. அவனை அனுப்பிய செயலி நேற்று ராத்திரி என் புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று போட்டு மூடிவிட்டது. என்ன தீர்ந்தது? யாருக்குத் தீர்ந்தது? ஆள் கூப்பிடும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்களுடையது காபித் தோட்டத்துக்குள் ஒரு சின்ன ஹோம்ஸ்டே. நானும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம், சமையல் மாமியார். கொடைக்கானல் அளவுக்கு இங்கே குளிர் கிடையாது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் குளத்துக்காகவே மதுரை, திண்டுக்கல்லில் இருந்து பிள்ளைகளோடு வருவார்கள். இந்தக் கோடை மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கியே கிடந்தது. விழுந்த சில்வர் ஓக் இலைகளை வலையில் அள்ளினோம், மோட்டார் கூடையைக் கழுவினோம், தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓட்டி ஃபில்டரைக் கழுவும் பேக்வாஷும் விட்டோம். குளோரின் சரி, பிஹெச்சும் 7.4. ஆனால் பிரஷர் கேஜ் முள் மட்டும் இறங்கவே இல்லை. ஃபில்டர் சுத்தமாக இருந்தால் எங்களுக்கு 12 காட்டும். பேக்வாஷ் விட்ட பிறகும் 24-லேயே நின்றது. போதாததற்கு, தண்ணீர் போகும் வழியை மாற்றும் வால்வு ‘ஃபில்டர்’ நிலையில் இருக்கும்போதே கழிவுக் குழாயில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

வத்தலக்குண்டில் வழக்கமாக வரும் மெக்கானிக் அண்ணன் ஊரில் இல்லை. சீசன் நேரம், காத்திருக்க முடியாது. வீட்டு ரிப்பேருக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பதிவு செய்தோம்.

வந்தவன் வேலை தெரியாதவன் இல்லை. எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். மோட்டாரை நிறுத்திய பிறகுதான் வால்வுக் கைப்பிடியைத் தொட்டான். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் கேஸ்கட் போய்விடும், அது தெரிந்தவன். தண்ணீரை வடிகட்டும் மணல் இருக்கும் ஃபில்டர் டாங்கைத் திறந்து முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி மணலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். கட்டி கட்டியாக, வழவழவென்று இருந்தது. “பாருங்கக்கா, மணல் கட்டியாயிருச்சு. தண்ணி இறங்க வழி இல்ல. அதான் முள்ளு இறங்க மாட்டேங்குது” என்றான். அது உண்மை. இந்த மணலை 5 முதல் 7 வருஷத்துக்குள் மாற்ற வேண்டும், குளம் கட்டியபோது போட்டதுதான் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் சாப்பிடக் கூப்பிட்டார். “வேலை முடியாம சாப்பிட மாட்டேம்மா” என்றான். அதைக் கேட்டதில் இருந்து மாமியாருக்கு அவன் சொந்தப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான்.

புது வால்வு, புது லேட்டரல்கள் (மணலுக்கு அடியில் தண்ணீரை மட்டும் வெளியே விடும் குழாய்கள்), ஃபில்டருக்கான சிலிக்கா மணல், கூலி எல்லாம் சேர்த்து 46,800 என்று தாளில் எழுதிக் கொடுத்தான். செயலியில் வந்து பார்ப்பதற்கான கட்டணம் மட்டும்தான் காட்டியது. அதனால் அவர்களுடைய வாடிக்கையாளர் எண்ணுக்கு நானே போன் செய்து கேட்டேன். “பொருளுக்கான பணத்தை டெக்னீசியன்கிட்டயே கொடுக்கலாம் மேடம், எங்க வாரண்டி இருக்கு” என்று அந்தப் பெண் தெளிவாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் யுபிஐயில் 46,800 அனுப்பினோம்.

மணல் மூட்டையோடு அவன் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. காட்டுமாடு இறங்கும் நேரம். இருட்டில் அவன் மலை இறங்க வேண்டுமே என்று நாங்களே டார்ச் அடித்து நின்றோம். முடித்துவிட்டு, பழைய வால்வை ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான்.

காலையில் பார்த்தால் குளம் முழுக்க அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது. தண்ணீர் திரும்ப வரும் துளைகளுக்குக் கீழே சாம்பல் நிற மணல் வரி வரியாகப் படிந்திருக்கிறது. மோட்டாரை நிறுத்திய பிறகும் புது கேஜ் முள் 10-ஐ விட்டு அசையவில்லை.

போன் செய்தேன். முதலில், “ரெண்டு தடவ பேக்வாஷ் விடுங்கக்கா, புது மணல் அப்படித்தான்.” பிறகு, “உங்க ஊர்த் தண்ணில இரும்பு அதிகம்கா.” இரும்பு இருக்கிற தண்ணீரில் குளோரின் பட்டால் நிறம் மாறும், இல்லை என்று சொல்லவில்லை. இரும்பு எப்படி மணலாக வந்து தரையில் விழும்? கேட்டேன். அத்தோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

செயலிக்காரர்கள் அதற்கு மேல். பொருளுக்குச் செயலி வழியாகப் பணம் கட்டவில்லை, அதனால் பொறுப்பில்லை என்றார்கள். உங்கள் ஆள்தான் நேரடியாகக் கொடுக்கச் சொன்னார் என்றேன். அந்த அழைப்பு பதிவில் இல்லையாம். அடுத்து, மலைப்பகுதி வாரண்டி எல்லைக்கு வெளியே என்றார்கள். வேலைக்கு ஆள் அனுப்பும்போது இந்த மலை எல்லைக்குள் இருந்ததா? கடைசியாக, “நீங்கள் வணிக நிறுவனம், நுகர்வோர் அல்ல” என்று ஒரு வரி. இதைச் சொல்லி யாரும் உங்களைத் தள்ளிவிட விடாதீர்கள். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென்று மட்டும் வாங்கியது வணிக நோக்கத்தில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது.

மெக்கானிக் அண்ணன் நேற்று வந்து டாங்கைத் திறந்தார். உள்ளே சிலிக்காவே இல்லை, கட்டடத்துக்குப் போடும் எம்-சாண்ட். அதில் இருக்கும் கல்தூள்தான் தண்ணீரைக் கலக்கியிருக்கிறது. 400 கிலோ மணலுக்குப் பில் போட்டிருக்கிறான், டாங்கில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே 150 கிலோ என்று இருக்கிறது. லேட்டரல் ஒன்றைக்கூட மாற்றவில்லை. உடைந்திருந்த ஒன்றைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறான், மணல் அந்த வழியாகத்தான் குளத்துக்குப் போகிறது. ‘புது’ வால்வு யாரோ கழற்றிப் போட்ட பழசு. எங்கள் பழைய வால்வில் கழிவுக் குழாய் ஒழுகியதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கேஸ்கட்தான், அதை மட்டும் மாற்றினாலே போதுமே என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். இதற்கா 46,800 ரூபாய்!

தரை தெரியாத தண்ணீரில் யார் வீட்டுப் பிள்ளையையும் நான் இறக்க மாட்டேன். மூழ்கினால் மேலே நிற்பவருக்குத் தெரியாது. பதிவு செய்திருந்த குடும்பங்களுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்த நஷ்டம் இந்த 46,800-இல் சேரவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். அடுத்து திண்டுக்கல் நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, தயங்காதீர்கள்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவாவது பாருங்கள். மணல் மூட்டையை உங்கள் கண் முன்னால், பகல் வெளிச்சத்தில் பிரிக்கச் சொல்லுங்கள். டாங்க் தகட்டில் இருக்கும் எடையைப் பில்லோடு ஒப்பிடுங்கள். மோட்டார் நின்றதும் கேஜ் முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். வாரண்டி என்று யாராவது வாயால் சொன்னால், எழுத்தில் வரும் வரை பணம் அனுப்பாதீர்கள். பழைய பாகத்தை எடுத்துப்போக விடவே விடாதீர்கள். எங்கள் வால்வு கையில் இருந்திருந்தால் கேஸ்கட்டை மாற்றி இன்றைக்கே மாட்டியிருப்போம்.

இந்தப் பக்கம் வேறு யாராவது இதே மாதிரி ஏமாந்திருந்தால் பில்லோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.