ஒரு ஆள் கூடாரம், 89 வெள்ளி: காசு கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்

மலேசியாவில் தாப்பா, பீடோர் பக்கம் மலையேறத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் பலருடைய கைப்பேசியில் இப்போது ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பச்சை நிறத்தில் ஒரு ஆள் படுக்கும் கூடாரம். விலை 89 வெள்ளி. மழை தாங்கும் திறன் 3000 மி.மீ., எடை 1.2 கிலோ, அலுமினியக் கம்பு என்று போட்டிருக்கும். நான் அதை வாங்கினேன். அந்த மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை. விற்ற கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரை அவர்கள் சட்டை மாதிரி மாற்றிக்கொள்கிறார்கள், எழுதியும் பயன் இல்லை. பொருளைப் பார்த்தே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் எடை. பார்சல் வந்ததும் கை கனத்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மளிகைக் கடையில் வெங்காயம் நிறுக்கும் தராசில் அப்படியே வைத்தேன். 2.1 கிலோ. “என்ன தம்பி, அரிசியா?” என்று கேட்டார் கடைக்கார அண்ணன். விற்பனையாளரிடம் கேட்டால், 1.2 என்பது “கூடாரத்தின் எடை பாஸ்” என்று பதில் வருகிறது. அதாவது கம்பு, முளை ஆணி, கயிறு, மேல்விரிப்பு (மழைக்காகக் கூடாரத்தின் மேலே போடும் துணி), பை எதுவும் சேராத வெறும் உள்துணியின் எடை. கம்பும் மேல்விரிப்பும் இல்லாமல் அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று அவர் சொல்லவில்லை. முதுகில் சுமக்கிறவனுக்குப் பையோடு சேர்ந்த எடைதான் கணக்கு. வாங்குவதற்கு முன் அதை எழுத்தில் கேட்டு, பதிலைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கம்பு. வந்தது அலுமினியம் இல்லை, சாம்பல் நிறச் சாயம் பூசிய ஃபைபர்கிளாஸ். முதல் தடவை வளைத்தபோதே, உலோக மூட்டுக்கு ஒரு விரல் தள்ளி நீளவாக்கில் பிளந்தது. வெள்ளை நார் சிலும்பிக்கொண்டு வெளியே வந்து விரலில் ஏறியது. கண்ணுக்கே தெரியாத முள், கை கழுவும்போதுதான் எரிந்தது. ஃபைபர்கிளாஸ் என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. இந்த விலைக்கு அதுதான் கிடைக்கும், காடியை நிறுத்திவிட்டு ஆற்றோரமாகப் போட்டுப் படுக்க அது போதும். ஆனால் கனம் கூடுதல், பிளந்தால் துணியையும் சேர்த்துக் கிழித்துவிடும். அலுமினியம் பெரும்பாலும் வளையும், கையால் நிமிர்த்தி ஓர் இரவை ஓட்டிவிடலாம். நல்ல அலுமினியக் கம்பு என்றால் 7001, 7075 என்று கலவையின் எண்ணைச் சொல்லியே விற்பார்கள். நேரில் வாங்குகிறவர்கள் கம்பின் முனையைப் பாருங்கள். நார் தெரிந்தால் ஃபைபர்கிளாஸ்.

இப்போது அந்த 3000-க்கு வருகிறேன். இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி நீரை ஊற்றிக்கொண்டே போனால், எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை துணி கசியாமல் தாங்குகிறதோ, அதுதான் அந்த எண். 3000 என்றால் மூன்று மீட்டர் உயர நீர். விளம்பரத்தில் இருந்தது தரைத்துணியின் எண். பைக்குள் தைத்திருந்த சின்னத் துண்டில் மேல்விரிப்புக்கு 800 என்று போட்டிருந்தது. நம் ஊர் சாயங்கால மழைக்கு 800 என்பது குடை இல்லாமல் சந்தைக்குப் போகிற கதைதான். மேல்விரிப்புக்கு 1500-க்குக் கீழே இருந்தால் நான் இனித் தொடமாட்டேன். தரைக்கு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். முழங்காலை ஊன்றும்போது அந்த இடத்தில்தான் ஈரம் மேலே ஏறும்.

கூடவே ‘190’ என்று இன்னொரு எண்ணையும் பெரிய எழுத்தில் போடுவார்கள். அது துணியில் நூல் எவ்வளவு நெருக்கமாக ஓடுகிறது என்ற கணக்கு. நூலின் தடிமனுக்கு டெனியர் என்ற வேறு அளவு இருக்கிறது. 190-க்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லை.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் தையல் சரியில்லை என்றால் கதை முடிந்தது. ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. அதை அடைக்க, மேல்விரிப்பின் உட்பக்கம் தையல் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பட்டையைச் சூடாக்கி ஒட்டுவார்கள். விரலால் தடவினாலே தெரியும். எனக்கு வந்ததில் உச்சித் தையலில் மட்டும் பட்டை இருந்தது, பக்கத் தையல்கள் மொட்டையாக இருந்தன. அதுவும் போக, விளம்பரப் படத்தில் தரை வரை இறங்கியிருந்த மேல்விரிப்பு, வந்த பொருளில் தலைக்குத் தொப்பி போட்ட மாதிரி பாதியில் நின்றது. கீழ்ப்பாதி முழுக்கக் கொசுவலை.

உடைந்த கம்புக்கு டேப் சுற்றி, கோலா வோவில் ஆற்றுக்குப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். கேமரன் மலைக்குப் போகிற பாதையில் இருக்கும் இடம், தாப்பாக்காரர்களுக்குத் தெரியும். அங்கே மழை வந்தால் சொல்லிக்கொண்டு வராது. கால்மாட்டில் பக்கத் தையல் வழியாக முதலில் ஒரு சொட்டு, பிறகு வரிசையாகச் சொட்டுகள், அப்புறம் தையலைப் பிடித்துக்கொண்டே ஒரு கோடாக நீர் இறங்கியது. தரைத்துணி நிஜமாகவே 3000 தாங்கும் போலிருக்கிறது. உள்ளே வந்த நீர் ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை.

இதைப் படம் எடுத்து அனுப்பினால் வந்த பதில்தான் உச்சம்: “அது மழை இல்லை பாஸ், உங்கள் மூச்சுக்காற்று.”

இந்தப் பதில் சாமர்த்தியமானது, ஏனென்றால் பாதி உண்மை. மூடிய கூடாரத்துக்குள் நாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்து நீராகும். விலை கூடிய கூடாரத்திலும் இது நடக்கும். ஆனால் மூச்சு ஈரம் துணி முழுக்கப் பொடிப்பொடி முத்தாகப் படியும். ஓட்டை நீர் தையலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். வாய்ப்பேச்சு வேண்டாம் என்று வீட்டு முன்னால் கூடாரத்தைப் போட்டு, உள்ளே தையல் ஓரமாக டிஷ்யூ தாளை ஒட்டி, ஜிப்பைப் பூட்டிவிட்டு, பைப்பைத் திறந்து மேலே மழை மாதிரி நீர் விட்டேன். உள்ளே மூச்சு விட யாரும் இல்லை. பக்கத்து வீட்டு அத்தை மட்டும் வெளியே நின்று, “ஏன்டா வெறும் கூடாரத்தைக் குளிப்பாட்டுற?” என்றார். தாள் நனைந்தது பக்கத் தையலில் மட்டும். அந்தக் காணொளியை அனுப்பியதும் மூச்சுக்காற்றுப் பேச்சு நின்றது, பதிலும் நின்றது.

புதுக் கூடாரம் வாங்கினால் மலைக்குத் தூக்கிப் போவதற்கு முன் இந்தப் பைப் சோதனையைச் செய்துவிடுங்கள். அதுவும் பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு முடிவதற்குள். என் விஷயத்தில் விற்பனையாளர் செய்த வேலையே கெடுவை ஓட்டியதுதான். இன்னொரு கோணத்தில் படம் அனுப்புங்கள், கிடங்கில் கேட்டுச் சொல்கிறேன், 20 வெள்ளி கூப்பன் தருகிறேன், புகாரை மட்டும் மீட்டுக்கொள்ளுங்கள் என்று இழுத்துக்கொண்டே போனார். கூப்பனை வாங்கிப் புகாரை மீட்டால் அதோடு சரி, மறுபடி திறக்க முடியாமல் போகலாம். நான் வாங்கவில்லை. ஆனாலும் பணம் இன்னும் வரவில்லை.

ஐந்து நட்சத்திர விமர்சனங்களையும் நிதானமாகப் படியுங்கள். அந்தப் பக்கத்தில் இருந்ததில் பெரும்பாலானவை “பார்சல் சீக்கிரம் வந்தது, பெலும் சூபா லாகி (இன்னும் போட்டுப் பார்க்கவில்லை)” வகை. இன்னும் போட்டே பார்க்காதவர் கொடுத்த நட்சத்திரம் கூரியர் தம்பிக்குத்தான் சேரும். மழையில் போட்ட படத்தோடு எழுதியவர்களை மட்டும் தேடிப் பாருங்கள்.

அளவிலும் ஒரு கண் இருக்கட்டும். 200 செ.மீ. நீளம் என்பார்கள், ஆனால் சுவர் சாய்வாக இருப்பதால் படுத்தால் தலையும் காலும் துணியில் இடிக்கும். இடித்த இடத்தில் அந்த மூச்சு ஈரம் முழுவதும் போர்வைக்கு வந்துவிடும். உங்கள் உயரத்தோடு ஒரு முழம் கூட்டிப் பாருங்கள்.

சரி, 100 வெள்ளிக்குள் என்னதான் வாங்குவது? தாழ்வான இடத்தில் தங்குவதற்கு, என் கணக்கில், நல்ல ஃபிளைஷீட் (கூரை மாதிரி விரித்துக் கட்டும் மழைத்துணி) ஒன்றும் தனியாகக் கொசுவலை ஒன்றும் இந்தக் கூடாரத்தைவிட மேல். மரத்துக்கு மரம் கயிறு கட்டத் தெரிந்தால் போதும், காற்றும் ஓடும், மூச்சு ஈரமும் தங்காது. நம் ஊர் மலையேறிகள் பலர் அப்படித்தான் தூங்குகிறார்கள். 2000 மீட்டருக்கு மேலே குளிரும் காற்றும் சேர்ந்துகொள்ளும், அங்கே தரை வரை இறங்கும் மேல்விரிப்புள்ள கூடாரம் வேண்டும். அதற்கு இன்னும் கொஞ்சம் காசு சேருங்கள், அல்லது பழக்கப்பட்டவர்கள் விற்கும் பழைய கூடாரத்தைத் தையலைத் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

ஏமாந்தவர்கள் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். அதனால் வணிகப் பதிவு எண்ணும் முகவரியும் போடாத கடை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தாண்டிப் போய்விடுங்கள். பற்றுச்சீட்டு, உரையாடல், விளம்பரப் பக்கம் மூன்றையும் படம் பிடித்து வையுங்கள். என் பச்சைக் கூடாரத்தின் விளம்பரத்தில் நான் புகார் செய்த பிறகு ‘அலுமினியம்’ என்ற சொல் மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போனது. பழைய பக்கத்தைப் படம் பிடித்து வைத்ததால்தான் என் கையில் ஆதாரம் இருக்கிறது.

ஏற்கெனவே இதை வாங்கிவிட்டவர்களுக்கு: பையைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளித்த நாற்றமும் கையில் ஒட்டும் பிசுபிசுப்பும் இருந்தால், வெக்கையான கிடங்கில் கிடந்து உட்பூச்சு கெட்டுப்போன பழைய சரக்கு. அதற்கு மேல் காசு போடாதீர்கள். நாற்றம் இல்லை என்றால், பாலியூரித்தேன் உட்பூச்சுக்கான, தையல் ஓட்டையை அடைக்கும் பசை வாங்கிப் பக்கத் தையல்களில் உட்பக்கமாகத் தடவி ஓர் இரவு காயவிடுங்கள். சிலிக்கோன் பசை வாங்கிவிடாதீர்கள், இந்தத் துணியில் அது நிற்காது.