இங்கிலாந்தில் திருமணம்: மறைமாவட்ட அலுவலகச் சேவை எப்படி?

சிங்கப்பூர்க் கத்தோலிக்கப் பங்கிலிருந்து (ஒரு கோவிலைச் சேர்ந்த சமூகம்) இங்கிலாந்துக் கோவிலுக்குத் திருமணத் தாள்கள் சுற்றித்தான் போகும், ஆனால் நம்பலாம். பங்குத்தந்தை, மணமக்களைப் பற்றிய திருமண விசாரணைப் படிவத்தை நிரப்பி முத்திரையிட்டு சிங்கப்பூர் உயர்மறைமாவட்ட (பேராயரின் ஆட்சிப்பகுதி) அலுவலகத்துக்கு அனுப்புவார். அங்கிருந்து இங்கிலாந்தில் அந்தக் கோவிலின் மறைமாவட்டச் செயலகம், பிறகுதான் கோவில்.

சிக்கல் பெரும்பாலும் திருமுழுக்குச் (ஞானஸ்நான) சான்றிதழில்தான். லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருக்கும் பழைய தாளைக் கொண்டுபோகாதீர்கள். 6 மாதத்துக்குள் எடுத்த புதுப்பிரதியே கேட்பார்கள். உறுதிபூசுதல் (திருமுழுக்குக்குப் பின் பெறும் அருட்சாதனம்), முந்தைய திருமணம் எல்லாம் திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரக்குறிப்பில் இருக்கும். பழைய தாளில் அது வராது. திருச்சியில் திருமுழுக்குப் பெற்றவர் அந்தப் பங்கிலேயே கேட்க வேண்டும். ஆகவே இதை முதலில் தொடங்குங்கள்.

மறைமாவட்ட அலுவலகத்துடையது பொறுமையாக விளக்கும் நல்ல சேவை. இங்கிலாந்து அரசுப் பதிவாளரிடம் தரவேண்டிய 28 நாள் முன்னறிவிப்பு மட்டும் உங்கள் பொறுப்பு.