எரிமலைப் பாதையில் வாடகை சைக்கிள்: பிரேக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

பிரான்சைச் சேர்ந்த ரியூனியன் தீவுக்கு வந்து மேட்டுநிலத்தைச் சைக்கிளில் சுற்ற நினைக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாடகை வண்டி, இரவுத் தங்கல், வழி வரைபடம், அவசரத்துக்கு வேன் என்று எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் விற்கும் ஒரு நிறுவனத்திடம் புதுச்சேரியிலிருந்து வந்த என் தங்கை கணவரும் நானும் ஏமாந்தோம். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். 2,300 மீட்டர் உயரத்திலிருந்து கடற்கரை வரை இறங்கும் சாலைக்குத் தேய்ந்துபோன பிரேக் உள்ள வண்டியைக் கொடுத்து அனுப்பினார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புகார் இன்னும் முடியவில்லை, அதனால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் நடந்துகொண்ட விதத்தை விவரமாகச் சொல்கிறேன். அதை வைத்தே இந்த மாதிரி ஆட்களை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

முதலில் அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிரேக்குக்கு ஏன் இவ்வளவு கத்துகிறான் என்று தோன்றும். தெற்கே சேன்-பியேர் கடற்கரையிலிருந்து தாம்பொன் வழியாகச் சாலை ஏறிக்கொண்டே போகும். வழியில் உள்ள குடியிருப்புகளுக்குப் பெயரே கிலோமீட்டர்தான்: பதினான்காவது, பதினேழாவது, இருபத்துமூன்றாவது. இருபத்தேழாவதில் பூர்-முரா. அங்கே வந்ததும் கரும்பும் வாழையும் எங்கோ கீழே போய்விட்டிருக்கும். ப்ளேன் தெ காஃப்ர் என்னும் அந்தச் சமவெளியில் புல்மேடுகள், கறவை மாடுகள், ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிவிட்ட மஞ்சள் பூ முட்புதர், கண்ணெதிரே வந்து நின்றுகொள்ளும் மூடுபனி. அங்கிருந்து கிழக்கே பிரிந்து பா தெ பெல்கோம்ப் வரை எரிமலைச் சாலை போகிறது, இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏற ஏற மரம் குறைந்து, இடுப்பளவு உயரமுள்ள பிரான்ல் புதர்கள் மட்டும் மிஞ்சும். கடைசியில் ப்ளேன் தெ சாப்ல், அதாவது மணல் வெளி: செடிகூட அதிகம் இல்லாத, செம்பழுப்பு எரிமலை மண் பரந்த வெளி. பெல்கோம்ப் 2,311 மீட்டர். நேர் எதிரே பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், இன்றும் உயிரோடிருக்கும் எரிமலை.

அதே சாலைப் பக்கம் இருக்கும் கொமர்சோன் பள்ளத்தில்தான் 2007 பிப்ரவரியில் கமீட் புயலின்போது 72 மணி நேரத்தில் 3,929 மில்லிமீட்டர் மழை பதிவானது. மூன்று நாளைக்கு அது உலகச் சாதனை. புயல் இல்லாத சாதாரண நாளிலும் காலை பத்து மணி தாண்டினால் மேகம் ஏறிவிடும், சாலை நனைந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் விடியற்காலையில் புல்லில் உறைபனியைப் பார்க்கலாம். பெல்கோம்பிலிருந்து கடல் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் இறக்கம், நடுவில் ஒரே ஒரு ஏற்றம்தான். அங்கே வண்டியில் மற்ற எது கெட்டாலும் நின்று சரிசெய்துகொள்ளலாம். பிரேக் கெட்டால் நிற்கவே முடியாதே.

சரி, நடந்ததுக்கு வருகிறேன். மாப்பிள்ளை கோத்தகிரி, ஊட்டிப் பக்கமெல்லாம் மிதித்தவர். இணையத்தில் படம் பார்த்து அவர்தான் ஆசைப்பட்டார். படத்தில் இருந்தது ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் (எண்ணெய் அழுத்தத்தில் சக்கரத்தின் தகட்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக்) போட்ட புத்தம் புதிய வண்டிகள். கடையில் எங்களுக்கு உருட்டிக்கொண்டு வந்தது பல கைமாறிய வண்டிகள். பிரேக் ஹைட்ராலிக்தான், ஆனால் முன் டிஸ்க்கில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள். "இதென்னங்க கீறல்?" என்று கேட்டோம். "அது பழைய கீறல், போன வாரம்தான் சர்வீஸ் பண்ணினோம்" என்றார் அங்கிருந்தவர். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடைக் கழற்றிக் காட்டச் சொன்னதற்கு நேரமில்லை என்றார். வண்டியின் நிலையை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடும் தாள் கேட்டதற்கு, அதெல்லாம் திருப்பித் தரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "மச்சான், நீங்க போட்டோ எடுத்து வையுங்க" என்றார். டிஸ்க், டயர், ஃபிரேம் எல்லாவற்றையும் அங்கேயே, கடைக்காரர் கண் முன்னாலேயே எடுத்தேன். பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்தப் படங்கள்தான்.

கோசியோன், அதாவது பிணைத்தொகை என்று ஒரு வண்டிக்கு 600 யூரோ. வழக்கமாக வங்கி அட்டையில் அந்தத் தொகையைப் பிடித்துவைப்பார்கள், எடுக்க மாட்டார்கள். இவர்கள் நேராக எடுத்துவிட்டார்கள், திரும்பி வந்ததும் போட்டுவிடுவோம் என்றார்கள். விளக்கும் தரவில்லை, ஒளிரும் மேலங்கியும் தரவில்லை. பிரான்சில் ஊருக்கு வெளியே இரவிலோ பார்வை மங்கிய வேளையிலோ சைக்கிளில் போனால் அந்த மேலங்கி 2008 முதல் கட்டாயம். மூடுபனிச் சாலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருக்குமா? என் வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டோம்.

தங்கல் விஷயத்தை நீட்டவில்லை. பூர்-முராவில் பதிவு செய்திருப்பதாகச் சொன்ன விடுதியில் எங்கள் பெயரே இல்லை. அந்த அம்மா நல்லவர், இடம் கொடுத்து, சூடாகச் சோறும் பருப்பும் போட்டார். இதே கடை சொன்னதாக இதற்கு முன்னும் ஆட்கள் வந்து நின்றார்களாம். காசை மறுபடியும் நாங்கள்தான் கொடுத்தோம்.

மறுநாள் விடியுமுன்பே கிளம்பி ஏறினோம். ப்ளேன் தெ சாப்லுக்குள் இறங்கும் வளைவுகளில்தான் மாப்பிள்ளையின் முன் பிரேக் முதன்முதலாகக் கிறீச்சிட்டது. மண் புகுந்திருக்கும் என்று தண்ணீர் ஊற்றிக் கழுவினோம், சத்தம் அடங்கியது. பெல்கோம்பில் நின்று எரிமலையைப் பார்த்தது பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம், அவ்வளவு அழகு. திரும்பும்போது மேகம் ஏறிவிட்டது. மணல் வெளியைக் கடந்து, எதிரே சுவர்போல் நிற்கும் சரிவில் ஏறி, பூர்-முரா பக்கம் இறங்கத் தொடங்கினோம். நான் பின்னால் வந்தேன். இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் கத்தினார்: "மச்சான், பிரேக் பிடிக்கலை!"

லீவர் ஹேண்டில்பாரைத் தொடும்வரை வந்துவிட்டதாம். பின் பிரேக் மட்டும் ஈரச் சாலையில் சக்கரத்தை இழுத்துக்கொண்டு சறுக்கியது. இடப்பக்கம் பள்ளம். அவர் நிதானம் இழக்காமல் வலப்பக்கப் புல்மேட்டில் வண்டியை ஏற்றி விழுந்தார். முழங்கையில் தோல் உரிந்தது, ஹெல்மெட்டில் விரிசல். எதிரே கார் எதுவும் வராதது எங்கள் நல்ல காலம்.

அவசர எண்ணுக்குப் போன் போட்டோம். சிக்னல் வந்து வந்து போனது. கிடைத்தபோதெல்லாம் குரல்பதிவுதான் பேசியது. வேன் வரவில்லை, திருப்பி யாரும் கூப்பிடவும் இல்லை. குளிரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் பிக்கப்பை நிறுத்தி இரண்டு வண்டியையும் ஏற்றிக்கொண்டார். இங்கே மலைமேல் இருப்பவர்கள் இப்படித்தான், கேட்கவே வேண்டாம்.

தாம்பொன்னில் சைக்கிள் மெக்கானிக் ஒருவர் சக்கரத்தைக் கழற்றி பேடை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். உராய்வுப் பொருள் துளியும் இல்லை. பின்தகட்டு இரும்பு நேரே டிஸ்க்கைத் தேய்த்திருக்கிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருந்த எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது, அதனால்தான் லீவர் காற்றை அழுத்துவதுபோல் போயிற்று. ஷிமானோ பேடுகளில் உராய்வுப் பொருள் 0.5 மில்லிமீட்டருக்கு வந்தாலே மாற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. இது ஒரு நாளில் தேய்ந்தது இல்லை, கடையிலிருந்து வெளியே வரும்போதே கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கும் என்றார். அதைத் தேதி போட்டு எழுதியும் கொடுத்தார். ஒரு சோடி பேட் என்ன, 20 யூரோ பெறும்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: வாடிக்கையாளருக்கு பிரேக் பிடிக்கத் தெரியவில்லை, டிஸ்க்கும் பேடை அழுத்தும் காலிப்பரும் சேதம், 390 யூரோ கழிக்கப்படும். விழுந்தவரிடம் அடிபட்டதா என்றுகூடக் கேட்கவில்லை.

வாயால் பேசிப் பயனில்லை. ஏற்பு அட்டையுடன் பதிவுத்தபாலில் கடிதம் அனுப்பினேன். கிளம்பும் முன் எடுத்த டிஸ்க் படங்கள், மெக்கானிக் எழுதிக் கொடுத்தது, நாங்கள் போன் போட்ட நேரங்கள் எல்லாம் இணைப்பில். பிரெஞ்சு சிவில் சட்டம் 1721ஆம் பிரிவு, வாடகைக்கு விடும் பொருளைப் பயன்படுத்த முடியாமல் செய்யும் குறைகளுக்கு, அது தனக்குத் தெரியாவிட்டாலும் வாடகைக்கு விட்டவரே பொறுப்பு என்கிறது. அந்த எண்ணையும் கடிதத்தில் எழுதினேன். நுகர்வோர் சமரச நடுவர் யார் என்று ஒவ்வொரு வணிகரும் தெரிவித்தாக வேண்டும். இவர்களுடைய தாள் எதிலும் அந்த விவரம் இல்லை. அரசின் சிக்னல்கோன்சோ தளத்தில் புகாரைப் பதிந்தேன். பிறகு நகராட்சியில் உட்காரும் இலவச நீதிச் சமரசரிடம் போனேன். 5,000 யூரோ வரையான வழக்குகளுக்கு, நீதிமன்றம் போகும் முன் இப்படிச் சமரசம் முயன்றிருக்க வேண்டும் என்பது விதி.

சமரசருடைய கடிதம் போனதும் அந்த 390 யூரோ திரும்பி வந்தது. விடுதிக் காசும், வராத வேனுக்கு வாங்கிய காசும் வரவில்லை.

இப்போது வண்டி எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். சக்கரத்துக்கு மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பேடின் கனம் தெரியும். தெரியவில்லை என்றால் கழற்றச் சொல்லுங்கள், மறுத்தால் அங்கிருந்து வந்துவிடுங்கள். லீவரை முழு பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள். மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அந்த வண்டி வேண்டாம். முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னே தள்ளினால் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்க வேண்டும், முன்சக்கரம் உருளக் கூடாது. நிலைத் தாள் இல்லாமல், கோசியோனைப் பிடித்துவைக்காமல் நேரே எடுப்பவர்களிடம் அட்டையைக் கொடுக்காதீர்கள். அவசர எண்ணைக் கடை வாசலிலேயே ஒருமுறை அழைத்துப் பாருங்கள், யார் எடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மலையில் அடிபட்டால் அந்த எண்ணை நம்பிக் காத்திருக்காமல் 112-ஐக் கூப்பிடுங்கள்.

மிச்சக் காசுக்கு வழக்குப் போடுவதா என்று மாப்பிள்ளையும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த விடுதி அம்மா, பதிவே இல்லாமல் வந்து நின்றவர்களைப் பற்றி எழுதித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். இதேபோல் தென்பகுதியில் வண்டி எடுத்து ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், ரசீதையும் படங்களையும் அழித்துவிடாமல் எனக்குத் தனியாக எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்தே சமரசரிடம் கொடுக்கலாம்.