மருத்துவப் பாடங்களை மறவாதிருக்க ஆன்கி: ஒரு மதிப்பீடு

மருத்துவப் படிப்பில் ஒன்றைப் புரிந்துகொள்வதைவிட, புரிந்ததை ஆண்டுக்கணக்கில் தக்கவைத்துக்கொள்வதே கடினம். உடற்கூறியலில் தெளிவாகத் தெரிந்திருந்த நரம்புப் பாதைகள், மருந்தியலும் நோயியலும் வந்து சேர்ந்தபின் வெறும் பெயர்களாகச் சுருங்கிவிடுகின்றன. டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்ட ஆன்கி என்னும் வினா அட்டை மென்பொருள், இந்தச் சிக்கலுக்கு நான் அறிந்தவற்றுள் மிக நேர்மையான தீர்வு.

அட்டையின் ஒருபுறம் வினாவும் மறுபுறம் விடையும் இருக்கும். விடையை மனத்திலிருந்து வரவழைத்தபின் அட்டையைத் திருப்பி, எவ்வளவு எளிதாக நினைவுக்கு வந்தது என்பதை நான்கு பொத்தான்களுள் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அதற்கேற்ப அடுத்த மீள்பார்வை சில நாட்களிலோ பல மாதங்களிலோ வரும். நினைவு எவ்வாறு தேய்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே அளந்து காட்டினார். 2023இல் சேர்க்கப்பட்ட எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்னும் கணிப்புமுறை, அந்தத் தேய்வை ஒவ்வொருவரின் விடை வரலாற்றிலிருந்தும் மதிப்பிடுகிறது. அதில் நினைவு இலக்கை, அதாவது மீள்பார்வையின்போது சரியாக நினைவுக்கு வர வேண்டிய அட்டைகளின் விகிதத்தை, 90 விழுக்காட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. அதை 97க்கு உயர்த்தினால் கிடைக்கும் பயன் சிறிது, கூடும் சுமையோ மிகப் பெரிது.

ஆனால் மென்பொருளின் தரத்தைவிட அட்டையின் தரமே முடிவைத் தீர்மானிக்கிறது. ‘பிரேக்கியல் பிளெக்சஸை விவரி’ என்று, கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் முழுவதையும் ஒரே வினாவில் அடக்கி எழுதப்படும் அட்டையால் யாருக்கும் பயனில்லை. ‘ஹியூமரஸ் (மேற்கை) எலும்பின் நடுத்தண்டு முறிந்தால் மணிக்கட்டு ஏன் தொங்குகிறது?’ என்று கேட்டால், ரேடியல் நரம்பு அந்த எலும்பை ஒட்டிய பள்ளத்தில் ஓடுவதும், மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளை அது இயக்குவதும் ஒரே விடையில் இணைந்துவிடுகின்றன. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஏ.சி.இ. தடுப்பு மருந்துகள் இரத்தப் பொட்டாசியத்தை உயர்த்தும் என்பதைத் தனிச் செய்தியாக எழுதாமல், ஆல்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன் குறைவதால் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதும் குறைகிறது என்ற காரணத்தோடு சேர்த்து எழுதினால், மறந்தாலும் யோசித்து மீட்டெடுக்க முடியும். காரணமில்லாத அட்டை நினைவில் ஒட்டுவதில்லை என்பதை எத்தனை முறை வலியுறுத்தினாலும் தகும்.

படத்தின் பகுதிகளை மறைத்து வினவும் வசதி இதன் பெரும் பலம். மணிக்கட்டின் எட்டு எலும்புகளை முதலெழுத்துச் சொற்றொடரால் வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்தவரும், எக்ஸ்ரே படத்தில் அவற்றுள் ஒன்றான ஸ்கேஃபாய்டைக் காட்டச் சொன்னால் தடுமாறலாம்; படத்தையே வினாவாக்கும்போது அந்த இடைவெளி அடைபடுகிறது.

கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் ஆன்கி இலவசம். ஐபோன் செயலிக்குக் கட்டணம் உண்டு. தோற்றம் வறண்டது, அமைப்புகள் புதியவரை மிரட்டும். அவற்றைவிடக் கடுமையான குறை, சில நாட்கள் விட்டாலே மலைபோல் குவியும் நிலுவை அட்டைகள். பிறர் தயாரித்த பல்லாயிரம் அட்டைகளை ஒரே நாளில் திறந்துவிடும் மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். வகுப்பில் நடந்து முடிந்த பாடத்திற்குரியவற்றை மட்டும் திறப்பதே நடைமுறைக்கு ஏற்றது. தேர்வுக்கு இரண்டு வாரமே இருப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாதங்களாக விரியும் இடைவெளிகளின் பயன் அவர்களுக்குக் கிட்டாது; அந்த நேரத்தை முந்தைய வினாத்தாள்களுக்குச் செலவிடலாம்.