மேசைச் சிப்பை மடியில் வைத்தால்: ஒரு கச்சான் காலத்துக் கணக்கு

கச்சான் வீசத் தொடங்கினால் என் கடைக்கு இரண்டு வகை லப்டொப்கள் வரும். ஒன்று "வேலை செய்துகொண்டிருக்கத் தானா நிக்குது" என்று வரும். மற்றது "ஹெலி மாதிரிச் சத்தம் போடுது" என்று வரும். இரண்டுக்கும் வருத்தம் ஒன்றுதான்: சூடு. (வெளியூர் ஆட்களுக்கு: நான் சொல்வது கொறிக்கிற கச்சானை அல்ல. ஆண்டின் நடுப்பகுதியில் தரைப் பக்கமிருந்து திருகோணமலைக்கு வரும் அந்த வறண்ட காற்றை.)

போன கிழமை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி வந்தார். கலியாண வீடியோ எடுத்து எடிட் பண்ணுகிற பிள்ளை. பழைய லப்டொப்பை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணை, புதுசா வாற டெஸ்க்டொப் சிப்பை லப்டொப்பிலயும் போடப் போறாங்களாம். 52 கோர் எண்டு கதைக்கிறாங்கள். வாங்கிறதை ஒரு வருசம் தள்ளட்டோ?"

"ஆவணியில எத்தினை கலியாணம் பிடிச்சிருக்கிறீர்?"

"ஏழு."

"அப்ப எதைத் தள்ளப் போறீர்?"

சிரித்தார். ஆனாலும் கேள்வி நியாயமானது. அவருக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 52 கோர் (கோர் என்றால் சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் பார்க்கும் மூளை). இன்டெல் தன் அடுத்த டெஸ்க்டொப் தலைமுறைக்கு நோவா லேக் என்று பெயர் சொல்லி, 2026 கடைசிப் பகுதியைக் குறித்தது. 52 கோர் என்பது கசிந்த கதை. அதை வைத்து ஆவணிக் கலியாணத்துக்குத் திட்டம் போட ஏலாது. ஆனால் டெஸ்க்டொப் சிப் லப்டொப்பில் வருமா என்று மட்டும் கேட்டால், கனகாலமாக வந்துகொண்டுதான் இருக்கிறது என்பேன். 2017இல் அசூஸ் ஒரு லப்டொப்பில் ஏஎம்டியின் டெஸ்க்டொப் ரைசன் 7 1700 சிப்பை அப்படியே வைத்தது. 2019இல் ஏலியன்வேர் ஏரியா-51எம் வந்தபோது அதற்குள் இன்டெலின் ஐ9-9900கே டெஸ்க்டொப் சிப், கழற்றி மாற்றும் சொக்கெட்டோடு இருந்தது. முழு வேகத்தில் ஓட்ட இரண்டு சார்ஜர் குத்த வேண்டும். இரண்டு! ஒரு பையில் லப்டொப், மறு பையில் செங்கல் மாதிரி சார்ஜர்கள்.

வராமலே போன கதையும் உண்டு. 2003இல் அப்பிள் பவர்மக் ஜி5 டெஸ்க்டொப்பை வெளியிட்டது. ஐபிஎம் செய்த பவர்பிசி 970 சிப், பெட்டிக்குள் ஒன்பது விசிறி. ஒரு வருடத்துக்குள் 3 கிகாஹேர்ட்ஸ் வேகம் வரும் என்று ஸ்டீவ் ஜொப்ஸ் மேடையில் சொன்னார். அன்றிலிருந்து "பவர்புக் ஜி5 எப்போது" என்ற கேள்விதான் (பவர்புக் என்பது அப்போதைய அப்பிள் லப்டொப்). அடுத்த வருடம் 3 கிகாஹேர்ட்ஸ் வரவில்லை. 2.5 வந்தது, அதற்கே திரவக் குளிரூட்டி பூட்ட வேண்டியிருந்தது. 2005 யூனில் ஜொப்ஸ் மேடையேறி இன்டெலுக்கு மாறப்போவதாகச் சொன்னார். அடுத்த மாதமே ஐபிஎம், 1.6 கிகாஹேர்ட்ஸில் 16 வாட் மட்டும் எடுக்கும் 970எஃப்எக்ஸை அறிவித்தது. மாப்பிள்ளை வேறு இடத்தில் சம்பந்தம் பேசி முடித்தபின் வந்த சாதகம் மாதிரி.

அதைவிடச் சுவையானது அடுத்த பகுதி. 2006 தையில் வந்த முதல் மக்புக் புரோவுக்குள் இருந்த கோர் டுவோ, டெஸ்க்டொப் பரம்பரை இல்லை. இஸ்ரேலின் ஹைஃபாவில் லப்டொப்புக்கென்றே வடிவமைத்து 2003இல் வந்த பென்டியம் எம் வழி வந்தது. அக்காலத்தில் டெஸ்க்டொப் பென்டியம் 4ஐ லப்டொப்பில் திணித்தவர்கள் தொடையைச் சுட்டுக்கொண்டார்கள். பென்டியம் எம்மைச் சிலர் மாற்றுப் பலகை வாங்கி டெஸ்க்டொப்பில் பூட்டிக்கொண்டார்கள். இந்த ஓட்டம் ஒருவழிப் பாதையாக என்றைக்கும் இருக்கவில்லை. அதனால்தான் தம்பியின் கேள்விக்குள் இன்னொரு போட்டியாளரையும் இழுக்கிறேன்: லப்டொப்புக்கென்றே பிறந்து, டெஸ்க்டொப் அளவுக்கு வளர்ந்த சிப்.

அதற்கு முன், டெஸ்க்டொப் சிப்பை லப்டொப்பில் வைக்கும்போது என்ன நடக்கிறது? நம் கரையில் சொல்வதானால், தெப்பத்தில் 40 குதிரைவலு எஞ்சின் பூட்டுவது. ஓடும்தான். கைப்பிடியை முழுக்க முறுக்க ஏலாது.

இன்டெலின் டெஸ்க்டொப் கோர் அல்ட்ரா 9 285கேயில் 24 கோர். அடிப்படை 125 வாட், உச்சம் 250. அதே சிலிக்கன் லப்டொப்புக்கு கோர் அல்ட்ரா 9 275எச்எக்ஸ் என்று வருகிறது. அதே 24 கோர், அடிப்படை 55 வாட், உச்சம் 160. போட்டிக் கம்பனி ஏஎம்டி பக்கம் டெஸ்க்டொப் ரைசன் 9 9950எக்ஸ்3டி 16 கோர், 170 வாட். லப்டொப்பில் அதன் பெயர் 9955எச்எக்ஸ்3டி, பெயரளவில் 55 வாட். வேகத்தைப் பார்த்தால் இரண்டு கம்பனிக்கும் ஒரே கதை: மேசையில் உச்சம் 5.7 கிகாஹேர்ட்ஸ், மடியில் 5.4.

வாட் இவ்வளவு வெட்டியும் வேகம் ஏன் இவ்வளவு கொஞ்சமாகக் குறைகிறது என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. சிப் எடுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். ஒரு பேச்சுக்கு 1.3 வோல்ட்டில் 5 கிகாஹேர்ட்ஸ் ஓடும் கோரை 1 வோல்ட், 4 கிகாஹேர்ட்ஸுக்கு இறக்குங்கள். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் போகும். மின்சாரத்தில் பாதிக்கு மேல் மிச்சம். டெஸ்க்டொப் சிப்கள் கடைசி ஐந்து பத்து வீத வேகத்துக்காக அநியாயத்துக்கு மின்சாரம் குடிப்பவை. அந்தக் கடைசித் துண்டை வெட்டி எறிந்தால் மிச்சம் மிகவும் ஒழுங்கான பிள்ளை. எனவே "டெஸ்க்டொப் சிப் லப்டொப்பில் வீண்" என்று ஒரேயடியாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எனக்குள்ள பிரச்சினை திருகோணமலை.

சிப் தாங்கும் உச்சத்தைச் சுமார் 100 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 பாகைக் குளிர் அறையில் சோதித்து எழுதுபவருக்கு, சூட்டை வெளியே தள்ள 78 பாகை இடைவெளி இருக்கிறது. கச்சான் காலத்தில் என் கடைக்குள் பின்னேரம் 34 பாகை. இடைவெளி 66. அதே விசிறி, அதே செப்புக் குழாய், ஆனால் வெளியே போகும் சூடு ஏறத்தாழ 15 வீதம் குறைவு. பெட்டியில் 160 வாட் என்று போட்டிருந்தால் இங்கே 135 என்று வாசியுங்கள். இதுவும் புதுப் பெட்டிக்கான கணக்குத்தான்.

தம்பியின் பழைய லப்டொப்பைத் திறந்தபோது விசிறிக்கும் சூடு கழிக்கும் செதில்களுக்கும் இடையில் ஒரு சாம்பல் நிறப் பட்டை, தடித்த துணி மாதிரி. சாவணத்தால் இழுக்க ஒரே துண்டாக வந்தது. அதன் அடியில் செப்புக் குழாயின் ஓரத்தில் பச்சைக் களிம்பு, கோயில் குத்துவிளக்கின் அடியில் பிடிப்பதே மாதிரி. பலகையின் ஒரு மூலையில் உப்புப் பூத்த வெள்ளைப் புள்ளிகள். வீடு கடலிலிருந்து இருநூறு மீற்றர். ஒரு சாதாரண 45 வாட் சிப்பின் கதி இது. 160 வாட் சிப்புக்கு அதைவிடப் பல மடங்கு காற்று இழுக்க வேண்டும். எவ்வளவு காற்றோ அவ்வளவு உப்பு.

இன்னொன்று. இந்தப் பெரிய லப்டொப்கள் பலவற்றில் சிப்புக்கும் குளிரூட்டிக்கும் இடையில் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் பூசியிருப்பார்கள். சூட்டை நன்றாகக் கடத்தும், உண்மை. ஆனால் அதில் உள்ள கலியம் என்ற உலோகம் அலுமினியத்தில் பட்டால் அரித்துவிடும். பலகையில் சிந்தினால் ஷோர்ட். தெரியாத இடத்தில் திறக்கக் கொடுக்காதீர்கள். எனக்கே அதைத் தொடும்போது கை கொஞ்சம் நடுங்கும்.

பற்றரியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. விமானத்தில் தடையில்லாமல் கொண்டுபோக 100 வாட்-மணிதான் எல்லை, அதனால் கம்பனிகள் அதற்குக் கீழேயே நிற்கின்றன. 90 வாட்-மணி பற்றரியை 160 வாட்டால் பிரித்துப் பாருங்கள்: 34 நிமிடம், அதுவும் திரையையும் கிராபிக்ஸையும் கணக்கில் எடுக்காமல். உண்மையில் அப்படி ஓடவும் விடமாட்டார்கள். வயரைக் கழற்றிய உடனே சிப் தானாகவே அடங்கிவிடும். 2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில், 2025 மாசியில் பாணந்துறையில் ஒரு குரங்கால் முழு இலங்கையும் இருண்டது என்று அமைச்சரே சொன்ன நாட்டில், இது சிறிய விசயமில்லை.

சரி, போட்டிக்கு நிற்கும் சிப்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏஎம்டி 9955எச்எக்ஸ்3டி: கேம் விளையாடுபவருக்கு இதுதான் ராசா. மேலதிகக் கஷ் நினைவகத்தோடு (கோர்கள் உடனே எடுத்துப் பாவிக்கும் சிறிய நினைவகம்) மொத்தம் 144 எம்பி. முந்திய தலைமுறையில் அந்தக் கஷ், கோர்களின் தலைமேல் போர்வை மாதிரிக் கிடந்தது. சூடு வெளியேறச் சிரமம். இந்தத் தலைமுறையில் அதைக் கோர்களுக்கு அடியில் பாயாக விரித்துவிட்டார்கள், கோர்கள் நேரே குளிரூட்டியைத் தொடுகின்றன. மடிக்குள் வைக்க இந்த மாற்றம் பெரிய உதவி. குறை என்னவென்றால், கோர்கள் தனித்தனித் துண்டு, உள்ளீடு வெளியீடு பார்ப்பது இன்னொரு துண்டு. அவற்றை இணைக்கும் பாதை சும்மா இருக்கும்போதும் மின்சாரம் கேட்கும். வெறும் கடிதம் டைப் பண்ணினாலும் பற்றரி இறங்கும்.

இன்டெல் 275எச்எக்ஸ்: கேமில் ஏஎம்டிக்குப் பின்னால்தான். ஆனால் தம்பியின் வேலைக்கு இதற்குள் ஒரு புதையல் இருக்கிறது. இன்றைய கமராக்கள் பல 10 பிட் 4:2:2 எச்.265இல் (நிற விபரம் கூடிய, இறுக்கிச் சுருக்கிய வீடியோ வகை) பதிகின்றன. அதை விரித்துக் காட்டத் தனி வன்பொருள் இன்டெலின் உள்ளிருக்கும் கிராபிக்ஸில் வருடக்கணக்காக இருக்கிறது. ஏஎம்டியின் உள் கிராபிக்ஸில் இல்லை. அங்கே அந்தக் கோப்பைக் கோர்கள் தலையில் கட்டித்தான் விரிக்க வேண்டும். 16 கோரும் மூச்சு வாங்க, தாலி கட்டும் காட்சி விட்டுவிட்டு ஓடும். என்விடியா 50 தொடர் கிராபிக்ஸ் அட்டை பூட்டியிருந்தால் அந்தக் குறை தீரும், அதில் 4:2:2 உண்டு. கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் தவறவிடும் இடம் இதுதான். "52 கோர்" என்ற கதையில் யாரும் இதைக் கேட்பதில்லை.

இந்த இரண்டிலும் சிப்பைப் பலகையில் ஒட்டித்தான் தருகிறார்கள், "டெஸ்க்டொப் சிப்" என்றாலும் பிறகு கழற்றி மாற்ற ஏலாது. ஆனால் ராம் பெரும்பாலும் சாதாரண ஸ்லொட். இன்று 32 ஜிபி, பிறகு 64. பழுதானாலும் மாற்றலாம். கொழும்பிலிருந்து பார்சலில் வரும்.

லப்டொப்புக்கென்றே பிறந்த பெரிய சிப்களில் ஏஎம்டியின் ரைசன் ஏஐ மக்ஸ் பிளஸ் 395 எனக்கு மிகவும் பிடித்தது. 16 முழுக் கோர், இடைத்தர அட்டைக்கு ஈடான கிராபிக்ஸ், இரண்டுக்கும் பொதுவாக 128 ஜிபி வரை நினைவகம், எல்லாம் 45 முதல் 120 வாட்டுக்குள். எச்பி இதை 14 அங்குல இசட்புக் ஒன்றுக்குள்ளேயே வைத்துவிட்டது. ஆனால் ராம் ஒட்டியது. மேலே சொன்ன 4:2:2 குறையும் அப்படியே இருக்கிறது. தம்பிக்கு இதனால் பயனில்லை, எனக்கு ஆசை மட்டும் உண்டு.

அப்பிள் 2020இல் தன் எம்1 சிப்பை மக்புக் எயார் லப்டொப்பிலும் மக் மினி டெஸ்க்டொப்பிலும் ஒன்றாகவே வைத்தபோது இந்த எல்லைக்கோடே அழிந்துவிட்டது. எம்4 மக்ஸ் மக்புக் புரோவிலும் இருக்கிறது, மக் ஸ்டுடியோ டெஸ்க்டொப்பிலும் இருக்கிறது. 4:2:2 வன்பொருள் உண்டு. வயரைக் கழற்றினாலும் வேகம் பெரிதாக விழாது, சத்தமும் குறைவு. கச்சானுக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி இல்லை. ஆனால் ராமும் சேமிப்பும் பலகையோடு. உப்புப் பட்டுப் பலகை போனால் முழுப் பலகை மாற்ற வேண்டும். அந்த விலையைக் கேட்டு என் கடைக் கதிரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தம்பியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். மண்டபத்தில் வைத்து எடிட் பண்ணுகிறீரா? இல்லையாம். அங்கே கார்ட்டைக் கொப்பி பண்ணிச் சரி பார்ப்பது மட்டும். எடிட் எல்லாம் இரவில், வீட்டில், ஒரே மேசையில்.

அப்படியென்றால் டெஸ்க்டொப் சிப் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கட்டும். இன்டெலின் கோர் அல்ட்ரா 7 265கே, 20 கோர், அதே 4:2:2 வன்பொருள், பெரிய குளிரூட்டி, தூசு படிந்தால் மூடியைக் கழற்றி அவரே ஊதிவிடலாம். அதோடு மண்டபத்துக்குக் கொண்டுபோக இன்டெலின் லூனர் லேக் சிப்போடு ஒரு மெல்லிய லப்டொப். 17 வாட் சிப், பின்னேரம் வரை பற்றரி நிற்கும், அதிலும் அதே வன்பொருள் உண்டு. இரண்டின் விலையையும் கூட்டினாலும் பெரிய கிராபிக்ஸ் பூட்டிய ஒரு 275எச்எக்ஸ் லப்டொப்பைத் தாண்டாத மாதிரிப் பார்க்கலாம். கரண்ட் போனால் கோப்பைச் சேமித்து நிறுத்த ஒரு யூபிஎஸ் போதும்.

அங்கும் இங்கும் அலைந்து எடிட் பண்ணுகிறவர் என்றால் 275எச்எக்ஸ் எடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். கேமுக்கென்றால் 9955எச்எக்ஸ்3டி. அடுத்த தலைமுறை வரும்வரை பொறுக்கச் சொல்லி ஒருவருக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

தம்பி ஒத்துக்கொண்டார். டெஸ்க்டொப்பை எங்கே வைப்பது என்று கேட்டார். அறையில் மேசை யன்னலோரமாம், நல்ல காற்று வருமாம். எந்தப் பக்க யன்னல் என்று கேட்டேன். கடல் பக்கம். மேசையைத் தூக்கி உள்சுவரோரம் போடச் சொல்லியிருக்கிறேன்.